உரசாமல் உருள: அலாய் வீலும் டயரும் அளவு பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி

‘இந்த வண்டிக்குப் பதினேழு இஞ்ச் வீல் உட்காருமா?’ என்று கேட்பவருக்கு நேர்மையாகச் சொல்லக்கூடிய விடை, ‘எந்தப் பதினேழு இஞ்ச்?’ என்பதுதான். ரிம்மின் விட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு டயர் உரசுமா உரசாதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே விட்டமுள்ள இரண்டு வீல்களில் ஒன்று கச்சிதமாக அமர்ந்துவிடும். மற்றொன்று முதல் வேகத்தடையிலேயே மட்கார்டைத் தொட்டுவிடும். உண்மையில் தெரிய வேண்டியவை மூன்று எண்கள்: இப்போதிருக்கும் டயரைவிடப் புதிய டயரின் வெளிப்பக்கம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே வருகிறது, உட்பக்கம் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போகிறது, மேற்பரப்பு எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறது. இந்த மூன்றையும் உங்கள் வண்டியில் காலியாக இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வாங்குவதற்கு முன்பே விடை தெரிந்துவிடும்.

பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். வீலின் வடிவம் பிடித்துப்போய் வாங்கிப் பொருத்திவிட்டு, வண்டி நின்ற நிலையில் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் நுழைவதைப் பார்த்துத் திருப்தியடைந்தேன். தனியாக ஓட்டிய ஒரு வாரம் ஒரு சத்தமும் இல்லை. பின் இருக்கையில் மூன்று பேர் ஏறி, டிக்கியில் பெட்டிகளும் ஏறிய அன்று, முதல் பள்ளத்தில் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து ரப்பர் கருகும் வாடை. இறங்கிப் பார்த்தபோது, இழைப்புளி ஓட்டியதுபோல டயரின் வெளித்தோளில் ஒரு பளபளப்பான வரி சுற்றிலும் ஓடியிருந்தது. மட்கார்டின் உள்மடிப்பில் வண்ணம் போய் வெறும் தகரம் தெரிந்தது. பொருத்திக் கொடுத்தவர், ‘கொஞ்ச நாளில் தேய்ந்து சரியாகிவிடும்’ என்றார். தேய்வது டயரின் உடல் என்பதால், அது சரியாகும் விஷயமல்ல.

டயரின் பக்கச்சுவரில் உள்ள கணக்கு

எடுத்துக்காட்டாக 205/55 ஆர்16 91வி என்று எழுதியிருக்கும் டயரை எடுத்துக்கொள்வோம். 205 என்பது டயரின் ஒரு பக்கப் புடைப்பிலிருந்து மறுபக்கப் புடைப்பு வரையுள்ள அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் அது மில்லிமீட்டர் அல்ல, அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. ஆர் என்பது ரேடியல் என்பதையும், 16 என்பது ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் குறிக்கின்றன. 91 என்பது சுமைக் குறியீடு, அதாவது ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும்; வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரையிலான வேகத் தகுதி.

முழு விட்டத்தைக் கணக்கிடுவது எளிது. 205-ஐ 0.55-ஆல் பெருக்கினால் ஒரு பக்கச்சுவர் 112.75 மி.மீ.; மேலும் கீழுமாக இரண்டு சுவர்கள் 225.5 மி.மீ.; 16 அங்குல ரிம் 406.4 மி.மீ.; ஆக மொத்தம் 631.9 மி.மீ. இதே முறையில் 225/45 ஆர்17 டயருக்கு 634.3 மி.மீ. வரும், 225/40 ஆர்18 டயருக்கு 637.2 மி.மீ. வரும். ரிம் இரண்டு அங்குலம் பெரிதான பின்னும் டயரின் உயரம் ஒரு சதவீதம்கூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். ரிம் வளர வளரப் பக்கச்சுவர் தாழ வேண்டும் என்பதே இதிலுள்ள சூட்சுமம். அதை மறந்து, ‘அகலமும் கொஞ்சம், உயரமும் கொஞ்சம்’ என்று 215/55 ஆர்17 வாங்கினால் விட்டம் 668.3 மி.மீ. ஆகிவிடும், டயரின் உச்சி 18 மி.மீ. மேலேறி, மட்கார்டின் உட்பகுதியை முட்டத் தயாராக நிற்கும்.

கம்பெனி டயரின், அதாவது வண்டியோடு வந்த டயரின், விட்டத்திலிருந்து 3 சதவீதத்துக்குமேல் விலகக் கூடாது என்பது பட்டறைகளில் வழங்கும் பொது விதி. அது வேகமானியையும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கணக்கையும் காப்பாற்றும் விதியே தவிர, உரசலுக்கான உத்தரவாதம் அல்ல. 632 மி.மீ. டயரில் 3 சதவீதம் என்பது 19 மி.மீ.; அதில் பாதி, ஏறக்குறைய 9.5 மி.மீ., டயரின் எல்லாப் பக்கமும் கூடும். சில வண்டிகளில் அந்த இடம்கூட இருக்காது. பெரிதாக்குவதைவிட ஒரு சதவீதம் சிறிதாக்குவது பாதுகாப்பானது என்பது என் கருத்து; அதற்கு வேகமானியும் ஒரு காரணம். ஐக்கிய நாடுகளின் 39-ஆம் எண் வாகன விதிப்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாம், குறைவாகக் காட்டக் கூடாது. டயர் பெரிதானால் முள் 100-இல் நிற்கும்போது வண்டி அதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கக்கூடும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளில் முன் டயருக்கும் பின் டயருக்கும் கம்பெனி வகுத்த விட்ட விகிதம் மாறக் கூடாது. மாறினால் நடுவிலுள்ள இணைப்பு ஓயாமல் உழைத்துச் சூடாகிக் கெட்டுப்போகும்.

எழுதியிருக்கும் அகலத்தை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் அளவு பார்ப்பதற்கென்று ஒரு ரிம் அகலம் வகுக்கப்பட்டிருக்கிறது. 205/55 ஆர்16-க்கு அது 6.5 அங்குலம், 225/45 ஆர்17-க்கு 7.5 அங்குலம். அதைவிட அரை அங்குலம் அகலமான ரிம்மில் ஏற்றினால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும், குறுகலான ரிம்மில் ஏற்றினால் அதே அளவு சுருங்கும். இதோடு, ஒரே அளவு எழுதப்பட்ட இரண்டு கம்பெனி டயர்கள் உண்மையில் சில மில்லிமீட்டர் வேறுபடுவதும் உண்டு. தோள்பகுதி சதுரமாக முடியும் டயர், உருண்டையாக முடியும் டயர் தொடாத இடத்தைப் போய்த் தொடும். மட்கார்டை முதலில் முட்டுவது பெரும்பாலும் அந்தத் தோள்தான் என்பதால், இடம் நெருக்கமான வண்டிக்கு உருண்டைத் தோள் உள்ள டயரையே தேடுங்கள்.

ஆஃப்செட்: இங்கேதான் தவறு நடக்கிறது

ரிம்மின் உட்புறத்தில் 7.5ஜே×17 ஈடி40 என்பதுபோல ஒரு வரி வார்க்கப்பட்டிருக்கும். 7.5 என்பது டயரின் ஓரங்கள் அணைந்து நிற்கும் இரு விளிம்புகளின் உட்பக்கங்களுக்கு இடைப்பட்ட அகலம், அங்குலத்தில். ஜே என்பது விளிம்பின் வடிவம். ஈடி என்பது ஒரு ஜெர்மன் சொல்லின் சுருக்கம். நாம் ஆஃப்செட் என்று சொல்வது இதைத்தான். ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாக வெட்டும் ஒரு கோட்டை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். வீல், அதை மாட்டும் வட்டத் தட்டான ஹப்பின்மேல் பதியும் முகம் அந்த நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்பக்கமாக இருந்தால் எண் நேர்மறை. பெரும்பாலான கார்களில் அப்படித்தான். எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும், கூடினால் உள்ளே இழுக்கும். இந்த ஒரு வரியைக் குழப்பிக்கொண்டவர்கள்தாம் தவறான வீலை வாங்கிவிட்டு வருந்துகிறார்கள்.

கம்பெனி வீல் 6.5ஜே ஈடி45 என்றும், நீங்கள் விரும்பும் வீல் 7.5ஜே ஈடி40 என்றும் வைத்துக்கொள்வோம். 6.5 அங்குலத்தின் பாதி 82.55 மி.மீ.; அதிலிருந்து 45-ஐக் கழித்தால், ஹப் முகத்திலிருந்து ரிம்மின் வெளி ஓரம் 37.55 மி.மீ. தூரத்தில் இருக்கிறது, 45-ஐக் கூட்டினால் உள் ஓரம் 127.55 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. 7.5 அங்குலத்தின் பாதி 95.25 மி.மீ.; அதே வழியில் வெளி ஓரம் 55.25, உள் ஓரம் 135.25. ஆக, ரிம் வெளியே 17.7 மி.மீ. வளர்ந்திருக்கிறது, உள்ளே 7.7 மி.மீ. வளர்ந்திருக்கிறது. ‘ஆஃப்செட் ஐந்துதானே குறைந்திருக்கிறது, அதனால் ஐந்து மில்லிமீட்டர்தான் வெளியே வரும்’ என்று நினைப்பது, அகலம் கூடியதைக் கணக்கில் சேர்க்க மறந்ததால் வரும் பிழை.

உரசுவது ரிம் அல்ல, டயரின் புடைப்பு என்பதால், அதே கணக்கை டயரை வைத்தும் போட்டுப் பார்க்க வேண்டும். 205 டயருக்குப் பதில் 225 வந்தால் ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. கூடுகிறது, ஆஃப்செட் 5 குறைந்ததால் முழுச் சக்கரமும் 5 மி.மீ. வெளியே நகர்கிறது. எனவே டயரின் வெளிப்புடைப்பு 15 மி.மீ. வெளியே வருகிறது, உட்புடைப்பு 5 மி.மீ. உள்ளே போகிறது. ரிம் கணக்கைவிட இது சற்றுக் குறைவாக வருவதற்குக் காரணம், அகலமான ரிம்மில் டயர் அவ்வளவாகப் பிதுங்காமல் நேராக நிற்பதுதான். இனி இந்த 15-க்கும் 5-க்கும் வண்டியில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வண்டியில் உள்ள இடத்தை அளத்தல்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, காற்றழுத்தத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கத்துக்கு ஒரு நூலும் அதன் நுனியில் கட்டிய கனமான நட்டும் போதும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டு இருந்தால் இன்னும் நல்லது. மட்கார்டு விளிம்பின் உள்மடிப்பிலிருந்து, சக்கர மையத்துக்கு நேர் மேலே, நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் புடைப்புக்கும் இடைப்பட்ட தூரத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். பிறகு அதே அளவை மையத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை எடுங்கள், ஏனெனில் மட்கார்டின் விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருப்பதில்லை. நான்கு சக்கரங்களையும் அளக்க வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் சில மில்லிமீட்டர் வேறுபாடு இருப்பது சாதாரணம், கணக்குக்குச் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

உட்பக்கம் கை நுழையாத இடம். முன் சக்கரத்தில், அதிர்வுதாங்கியும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டின் உடலும் ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டும் டயருக்கு மிக அருகில் இருக்கும். அளவுகோல் அங்கே செல்லாது. ஆகவே டிரில் பிட்டுகளின் மழமழப்பான தண்டையே அளவுகோலாக்கிக்கொள்ளலாம். 6 மி.மீ. தண்டு தடையின்றி நுழைகிறதா, 8 நுழைகிறதா, 10 சிக்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். இன்னொரு வழி, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு நெல்லிக்காய் அளவு உருட்டி அந்த இடைவெளியில் அழுத்தி, சக்கரத்தைக் கழற்றியபின் அமுங்கிய களிமண்ணின் கனத்தை வெர்னியரால் அளப்பது. நேரம் பிடித்தாலும், கைக்கெட்டாத மூலைகளில் இதைப்போலத் துல்லியமானது வேறில்லை.

இந்த இரண்டு இடைவெளிகளையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. ஸ்ட்ரட்டின் கீழ்ப்பாதி சக்கரத்தோடு சேர்ந்தே மேலும் கீழும் போகிறது. வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் திருப்பத்தில் சாய்ந்தாலும் டயருக்கும் அதற்கும் உள்ள தூரம் ஏறக்குறைய மாறுவதில்லை. எனவே அங்கே 4 அல்லது 5 மி.மீ. மிஞ்சினாலே போதும். மட்கார்டோ வண்டியின் உடலைச் சேர்ந்தது; சஸ்பென்ஷன் அமுங்கும்போது டயர் அதை நோக்கி ஏறுகிறது, திருப்பத்தில் ரப்பர் புஷ்களெல்லாம் வளைந்துகொடுத்துப் பக்கவாட்டிலும் சற்று நகர்கிறது. நின்ற நிலையில் அங்கே தெரியும் 5 மி.மீ. ஓட்டத்தில் ஒன்றுமே இல்லாமல் போகும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர் மிஞ்சும் இடத்தைப் பிரிக்கும்போது உள்ளே சிக்கனமாகவும் வெளியே தாராளமாகவும் விட்டு வைப்பார்.

நம் எடுத்துக்காட்டு வண்டியில் வெளியே 20 மி.மீ., உள்ளே 9 மி.மீ. இருந்தது என்று கொள்வோம். 225 டயரும் 7.5ஜே ஈடி45 வீலும் போட்டால் இருபுறமும் 10 மி.மீ. கூடும், உள்ளே 9-தான் இருப்பதால் ஸ்ட்ரட்டில் இடிக்கும். ஈடி35 என்றால் உள்ளே ஒன்றும் குறையாது, ஆனால் வெளியே 20-உம் தீர்ந்துவிடும். ஈடி40-இல் உள்ளே 4, வெளியே 5 மிஞ்சும். உள்பக்கம் தப்பித்துவிடும், வெளிப்பக்கம் நிறைபாரத்தில் உரசும் என்றே எதிர்பார்க்கலாம். இப்போது ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு 215/45 ஆர்17 டயரையும் 7ஜே ஈடி42 வீலையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 5 கூடுகிறது, சக்கரம் 3 வெளியே நகர்கிறது; வெளியே 8, உள்ளே 2. மிஞ்சுவது வெளியே 12, உள்ளே 7. விட்டமும் 625.3 மி.மீ., கம்பெனி அளவைவிட ஒரு சதவீதம் குறைவு. பார்வைக்கு 225-க்கும் 215-க்கும் உள்ள வேறுபாட்டை அருகில் குனிந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். ஓட்டத்தில் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு வேகத்தடையும் சொல்லும்.

முன் சக்கரங்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது சக்கரம் தன் நடுவில் நின்று சுழல்வதில்லை. சஸ்பென்ஷனின் சுழல் அச்சைச் சுற்றி ஒரு வில்போல வீசிச் செல்கிறது. சக்கரம் வெளியே தள்ளப்படத் தள்ளப்பட அந்த வில் பெரிதாகும். அதனால் நேராக நிற்கும்போது இடமிருந்தாலும், முழுத் திருப்பத்தில் டயரின் முன்விளிம்பு பம்பரின் மூலையையும், பின்விளிம்பு உள்ளிருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும், உட்பக்கம் லோயர் ஆர்மையோ ஸ்டெபிலைசர் கம்பியையோ தொடக்கூடும். இப்போதிருக்கும் டயரோடு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, இந்த இடங்களில் உள்ள இடைவெளியையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஆஃப்செட் பெரிதாக மாறினால் ஸ்டியரிங்கின் கனமும், சாலைக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வண்டி இழுக்கும் தன்மையும் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பின் சக்கரங்களில் சஸ்பென்ஷனின் வகை முக்கியம். மல்டிலிங்க் வகையில் சக்கரம் மேலேறும்போது அதன் உச்சி பொதுவாக உட்பக்கமாகச் சாயும், அதனால் மட்கார்டிலிருந்து தானே விலகிக்கொள்ளும். இரு சக்கரங்களையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கும் டார்ஷன் பீம் வகையில் அவ்வளவு சலுகை கிடைக்காது. சக்கரம் ஏறக்குறைய நேராகவே ஏறும். என் வண்டியில் நடந்தது இதுதான். கேம்பர், அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம், ஒரு டிகிரி மாறினால் 635 மி.மீ. டயரின் உச்சி சுமார் 5.5 மி.மீ. நகரும் என்பதை வைத்து, அலைன்மென்ட் மூலம் எவ்வளவு இடம் கிடைக்கும் என்றும் கணக்கிடலாம். தாழ்த்திய ஸ்பிரிங் போட்ட வண்டி என்றால், தாழ்த்திய அளவு முழுவதும் மேல் இடைவெளியிலிருந்து முதலிலேயே கழிந்துவிட்டது. அதனால் ஸ்பிரிங்கை முதலில் மாற்றி, வண்டி அமர்ந்தபின் அளக்க வேண்டும்.

அளக்கும் நாளில் பலரும் மறக்கும் ஒன்று: பழைய டயர் தேய்ந்திருக்கும். புதுக் கார் டயரின் பள்ளங்கள் பொதுவாக 8 மி.மீ. ஆழம், உங்கள் டயரில் 3 மி.மீ. மிஞ்சியிருந்தால், மேலே தெரியும் இடைவெளியில் 5 மி.மீ. கடன் வாங்கியது.

போல்ட், ஹப், காலிப்பர்

வீல் ஹப்பில் சேர்வதற்கு போல்ட் துளைகளின் வட்ட விட்டம், அதாவது பிசிடி, மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். நான்கு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் மையங்களுக்கு இடையே அளந்தால் போதும். ஐந்து துளையில் எதிரெதிர் இல்லை என்பதால், ஹப்பிலிருந்து நீளும் மரையிட்ட ஆணிகளில் அடுத்தடுத்த இரண்டின் மைய தூரத்தை 1.701-ஆல் பெருக்க வேண்டும். மையத்தைக் குத்துமதிப்பாகப் பார்க்காமல், ஒன்றின் இடது ஓரத்திலிருந்து மற்றதன் இடது ஓரம் வரை அளந்தால் அதுவே மைய தூரம். 65.8 மி.மீ. வந்தால் பிசிடி 112, 67.2 வந்தால் 114.3. இவ்விரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், இறுக்கினால் நட்டும் ஏறிவிடும். ஆனால் ஆணிகள் வளைந்து, நட்டு ஒருபக்கமாகப் பதிந்து, ஓடும்போது தளரும். ‘கொஞ்சம் தட்டி ஏற்றிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் வீலை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

நடுத்துளை, அதாவது சென்டர் போர், ஹப்பின் மேட்டைவிடச் சிறியதாக இருந்தால் வீல் ஏறவே ஏறாது. பெரியதாக இருந்தால் ஏறும், ஆனால் மையம் தவறி வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். ஹப் 57.1 மி.மீ., வீல் 73.1 மி.மீ. என்றால், அந்த இடைவெளியை நிரப்ப வெளிவிட்டம் 73.1-உம் உள்விட்டம் 57.1-உம் கொண்ட ஹப் வளையம் போட வேண்டும். நட்டின் அடிப்பாகம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்பது வீலின் குழியோடு பொருந்த வேண்டும். கூம்பு நட்டை உருண்டைக் குழியில் இறுக்கினால் ஒரு மெல்லிய வளையம் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும்.

ஸ்பேசர் என்பது ஆஃப்செட்டைக் குறைக்கும் தகடு: ஈடி45 வீலுக்கு 5 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் அது ஈடி40 ஆகிறது. உட்பக்கம் மட்டும் 2, 3 மி.மீ. இடிக்கும்போது அது நல்ல மருந்து. ஆனால் ஸ்பேசரின் கனம் அளவுக்கு மரைப் பிடிப்பு குறைகிறது. 12 மி.மீ. விட்டமுள்ள ஆணிக்குக் குறைந்தது 12 மி.மீ. பிடிப்பு வேண்டும், மரைகளுக்கு இடையே 1.5 மி.மீ. என்றால் நட்டு 8 முழுச் சுற்றாவது ஏற வேண்டும். விரலால் நட்டைத் திருகி எண்ணிப் பாருங்கள். எட்டு வரவில்லையென்றால் நீளமான ஆணி போடாமல் அந்த வண்டியை நகர்த்தக் கூடாது.

பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் விஷயத்தில் ரிம் பெரிது என்பதால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. ரிம்மின் உட்சுவருக்கும் காலிப்பருக்கும் இடையே ஓர் இடைவெளி, ஆரக்கால்களின் பின்புறத்துக்கும் காலிப்பரின் முகத்துக்கும் இடையே இன்னோர் இடைவெளி, இரண்டும் வேண்டும், 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஆரக்கால் உள்நோக்கி வளைந்த வீல்கள் அகலமும் ஆஃப்செட்டும் சரியாக இருந்தும் இங்கே தோற்றுப்போகும். ஒரு வீலை மட்டும் டயர் ஏற்றாமல் ஹப்பில் மாட்டிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கக் கேளுங்கள். டயர் ஏற்றிவிட்டால் பல கடைகளில் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

சுமைக் குறியீட்டை விட்டுவிடாதீர்கள்

215/45 ஆர்17 டயர் 87 என்ற சுமைக் குறியீட்டிலும் கிடைக்கும், 91 எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்றும் கிடைக்கும். 87 என்பது 545 கிலோ. கம்பெனி டயர் 91, அதாவது 615 கிலோ. இடத்துக்காக டயரைக் குறுக்கியபோது ஒரு சக்கரத்துக்கு 70 கிலோ தாங்குதிறன் கைவிட்டுப் போகக்கூடும் என்பதால், இந்த அளவில் எக்ஸ்எல் வகையை மட்டுமே வாங்க வேண்டும். எக்ஸ்எல் டயர் தன் முழுச் சுமையைக் கூடுதல் காற்றழுத்தத்தில்தான் தாங்கும். பழைய அழுத்தத்தையே வைத்துக்கொண்டால் கணக்கு பொய்த்துவிடும், அழுத்தம் குறைந்த டயர் புடைத்துக்கொண்டு உரசவும் செய்யும். ரிம்மிலும் தாங்கும் எடை வார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஜப்பானியத் தரமான ஜேடபிள்யூஎல் போன்ற முத்திரையோ எடையோ ஒன்றுமே இல்லாத ரிம்மை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் தொடமாட்டேன்.

பொருத்தியபின் சோதனை

டயரின் இரு தோள்களிலும் சாக்பீஸை அழுத்திப் பூசிவிட்டு, வண்டியில் நிறைபாரம் ஏற்றுங்கள். இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் ஒரே நேரத்தில் மேடேறும்படி உறுதியான பலகைகளை வைத்து, மெதுவாக ஏறி இறங்குங்கள், பிறகு மறுமூலை. முன்னோக்கியும் பின்னோக்கியும், ஸ்டியரிங்கை நேராகவும் முழுக்கத் திருப்பியும் செய்ய வேண்டும். பின்னோக்கி முழுத் திருப்பத்தில் வரும்போது மட்டும் உரசும் வண்டிகளும் உண்டு. பின்னர் டார்ச் அடித்து மட்கார்டின் உள்ளே எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். காது ஏமாற்றும், சாக்பீஸ் ஏமாற்றாது.

முழுத் திருப்பத்தில் பிளாஸ்டிக் மறைப்பில் லேசாக ஒட்டியிருந்தால், சில நேரம் ஒரு கிளிப்பை நகர்த்தி மறைப்பைப் பின்னுக்கு இழுத்தாலே தீர்ந்துவிடும். மட்கார்டின் மடிப்பில் ஒட்டியிருந்தால் மடிப்பை வெப்பமேற்றிக் கருவியால் உள்ளே மடக்கலாம்; வண்ணம் வெடித்தால் துரு பிடிக்கும் என்பதால் அது தேர்ந்த கையால் செய்ய வேண்டிய வேலை. பிரேக் குழாயிலோ ஏபிஎஸ் கம்பியிலோ வெள்ளை தெரிந்தால் பேச்சே இல்லை, வீலைக் கழற்றிவிட வேண்டும். நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் சரிபாருங்கள். புது அலாய் வீலில் முதல் இறுக்கம் சற்றுத் தளர்வது இயல்பு. கழற்றிய கம்பெனி நட்டுகளைத் தூக்கி எறியாமல் டிக்கியில் ஸ்டெப்னியோடு ஒரு பையில் கட்டி வையுங்கள், ஏனெனில் புது வீலின் நட்டு அந்தப் பழைய இரும்பு ரிம்மின் குழியில் சரியாக உட்காராமல் போகக்கூடும்.